வட்ட மேசையும் 555 புத்தகமும்

(இடம்: கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ், ஜாலான் துன் சம்பந்தனுக்குப் பின்னால் ஒரு சந்து. சின்னையா அண்ணனின் சாப்பாட்டுக் கடை. செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்தரை. குமரன் மடிக்கணினியை இரண்டு கைகளிலும் ஏந்தி, காய்ச்சல் கண்ட குழந்தையைத் தூக்கிவருவதுபோல் உள்ளே வருகிறார். நான் பக்கத்து மேசையில் ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். ஒட்டுக்கேட்கவில்லை. இரண்டு பேருக்குமே குரல் பெரிது.)

சின்னையா: வா தம்பி. என்ன, முகம் வடிகட்டிய தேத்தூள் மாதிரி இருக்கிறது?

குமரன்: பூட்டிவிட்டார்கள் அண்ணே.

சின்னையா: வீட்டையா? எத்தனை மாச வாடகை பாக்கி?

குமரன்: வீடு இல்லை அண்ணே, என் கணக்கை.

சின்னையா: பேங்க் கணக்கா? அப்படியானால் இன்றைக்கும் தே கடன்தானா?

குமரன்: நான் எழுதுகிற புரோகிராம் எல்லாவற்றையும் ஒரு பெரிய தளத்தில் போட்டு வைத்திருந்தேன். புதுப் போன் வாங்கினேன். உள்ளே நுழைய ஆறு இலக்க எண் ஒன்று வேண்டும். அது பழைய போனில்தான் வரும்.

சின்னையா: பழைய போன்?

குமரன்: ஞாயிற்றுக்கிழமை மழையில் சாக்கடைக்குள் போய்விட்டது. அதனால்தானே புதுசு.

சின்னையா: இப்படி ஆகும் என்று அவர்கள் முன்னமே யோசித்திருக்க மாட்டார்களா?

குமரன்: யோசித்தார்கள். அவசரத்துக்கு என்று சில எண்களைக் கொடுத்து, பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். வைத்தேன்.

சின்னையா: எங்கே?

குமரன்: அந்தத் தளத்திலேயே.

(சின்னையா ஆற்றிக்கொண்டிருந்த தே அந்தரத்தில் நின்றது என்று எழுத ஆசைதான். அது பாட்டுக்கு விழுந்து அவர் கட்டைவிரலைச் சுட்டது.)

சின்னையா: ஆ! பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். நீ படித்தவன் என்று என் மகனுக்கு உதாரணம் காட்டியிருக்கிறேன். சரி, எத்தனை மணிக்குப் பூட்டினார்கள்?

குமரன்: நாலே முக்காலுக்கு.

சின்னையா: செவ்வாய்க்கிழமை ராகு காலம் மூன்றிலிருந்து நாலரை. முடிந்து கால் மணி நேரம் ஆகியிருக்கிறதே! அப்புறம் எப்படி?

குமரன்: அது ஆறு மணிக்குச் சூரியன் உதிக்கிறது என்று வைத்துப் போட்ட கணக்கு அண்ணே. நமக்கு ஏழு, ஏழேகாலுக்குத்தானே விடிகிறது! பகலை எட்டாகப் பங்கிட்டால் செவ்வாய்க்கு ஏழாவது பங்கு. கேஎல் கணக்குப்படி நாலேகாலிலிருந்து ஐந்தே முக்கால் வரைக்கும் வரும். இதைக் கணக்குப் போட்டுச் சொல்கிற ஆப்பைத்தான் நான் இரண்டு வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சின்னையா: அப்படியானால் உன் ஆப் சரியாகத்தான் வேலை செய்கிறது.

குமரன்: நானே அதற்குச் சாட்சி.

சின்னையா: இரண்டு வருஷ உழைப்பும் போச்சா?

குமரன்: அது... போகவில்லை. எல்லாம் இந்த மடிக்கணினியில் இருக்கிறது.

சின்னையா: என்னது?

குமரன்: கிட் என்று ஒரு கருவி அண்ணே. அதில் எழுதினால் ஒவ்வொரு பிரதியிலும் முதல் நாளிலிருந்து என்ன மாற்றினோம், எப்போது மாற்றினோம் என்ற முழு வரலாறும் இருக்கும். அந்தத் தளத்தில் இருப்பதும் இன்னொரு பிரதிதான்.

சின்னையா: அடப்பாவி! பொருள் கையில் இருக்கிறது. அப்புறம் எதற்கு இழவு வீட்டு முகத்தோடு வந்தாய்?

குமரன்: (நெடுநேரம் யோசித்து) பழக்கம் அண்ணே. தளம் இல்லையென்றால் புரோகிராமே இல்லை என்று தோன்றிவிடுகிறது.

(இங்கே நான் குமரனுக்காகப் பரிந்து பேச வேண்டும். கிட் வேறு, அதை வைத்துக் கடை நடத்துகிற தளம் வேறு என்பதைத் தினமும் அதிலேயே புழங்குகிற எனக்கும் யாராவது அவ்வப்போது நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது.)

சின்னையா: இந்தக் கிட்டைச் செய்தது யார்? அந்தத் தளத்துக்காரனா?

குமரன்: கதையே அதுதான். லினக்ஸ் என்ற இயங்குதளத்தை எழுதுகிறவர்கள் பிட்கீப்பர் என்று வேறொரு கம்பெனியின் கருவியை இலவசமாக வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். 2005இல் இனி இலவசம் கிடையாது என்று கம்பெனி சொல்லிவிட்டது. லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த ஏப்ரலில் உட்கார்ந்து, சில நாளில் கிட்டை எழுதிவிட்டார்.

சின்னையா: ஒருத்தன் கதவைச் சாத்தினான் என்று பிறந்த சாமானை இன்னொருத்தன் வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துச் சாவியையும் தொலைத்திருக்கிறாய்.

குமரன்: பெரிய இடம், எங்கே ஓடிவிடப் போகிறது என்று நினைத்தேன்.

சின்னையா: பெரிய இடம் மூடவே மூடாதா?

குமரன்: மூடும். கூகிள் 2006இல் கூகிள் கோட் என்று இதே மாதிரி ஒன்றைத் தொடங்கி 2016 ஜனவரியில் இழுத்து மூடியது.

சின்னையா: பத்து வருஷம்கூட ஓடவில்லை. என் தோசைக்கல்லுக்கு அதைவிட வயசு அதிகம். வேறு இடமே கிடையாதா?

குமரன்: பெர்லினில் கோட்பெர்க் என்று ஒன்று இருக்கிறது. லாபத்துக்கு நடத்துவதில்லை. சங்கமாகப் பதிவு செய்திருக்கிறார்கள், உறுப்பினர்கள் ஓட்டுப் போடுவார்கள்.

சின்னையா: சங்கமா? பொதுக்கூட்டத்தில் நாற்காலி பறக்குமா?

குமரன்: ஜெர்மனியில் அவ்வளவு தூரம் போகாது என்று நினைக்கிறேன்.

(சின்னையா கல்லாப்பெட்டியைத் திறந்து ஒரு சின்ன நோட்டை எடுக்கிறார். மலேசியாவில் மளிகைக் கடையில் கடன் சொல்லி வளர்ந்தவர்களுக்குத் தெரியும்: அட்டையில் பெரிதாக 555 போட்ட, சட்டைப் பையில் அடங்குகிற புத்தகம். இது பருப்புக் குழம்பில் நனைந்து காய்ந்து அப்பளம்போல் விறைத்திருந்தது. நூலில் ஒரு துண்டுப் பென்சில் தொங்கியது.)

சின்னையா: இதோ என் தளம். பாஸ்வர்ட் கிடையாது. ஆறு இலக்க எண்ணும் கிடையாது. குமரன், நாற்பத்தேழு வெள்ளி அறுபது காசு.

குமரன்: அண்ணே, மெதுவாக.

சின்னையா: ஒன்றே ஒன்றுதான் குறை. கடை தீப்பிடித்தால் நீங்கள் எல்லோரும் தப்பித்துவிடுவீர்கள்.

குமரன்: அதற்குத்தான் கிட். ஆளுக்கு ஒரு முழுப் பிரதி கொடுத்துவிடுவோம்.

சின்னையா: கடன்காரன் கையில் கடன் புத்தகத்தைக் கொடுக்கச் சொல்கிறாயா? போன வருஷம் ஒருத்தன், பேர் வேண்டாம், நான் ரொட்டி வீசப் போன நேரத்தில் 32ஐ 12 ஆக்கிவிட்டான்.

குமரன்: கிட்டில் அந்தப் பருப்பு வேகாது. ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு அடையாள எண் உண்டு. முந்தின பதிவின் எண்ணையும் சேர்த்துத்தான் அடுத்த எண் வரும். பூமாலைபோல் கோத்துக்கொண்டே போகும். நடுவில் ஒரு பூவை மாற்றினால் அங்கிருந்து கடைசி வரைக்கும் எல்லா எண்ணும் மாறிவிடும். மற்றவர்கள் கையில் இருக்கிற பிரதியோடு ஒத்துப்போகாது. யாருக்கும் தெரியாமல் அழிக்கவே முடியாது.

சின்னையா: (மிக மெதுவாக) அழிக்கவே முடியாது...

(அந்தப் பார்வையைக் குமரன் கவனித்திருக்க வேண்டும்.)

சின்னையா: சரி, சாமான் பத்திரம். அப்புறமும் ஏன் முழியே சரியில்லை?

குமரன்: ஆட்கள் போய்விட்டார்கள் அண்ணே. சூரிய உதயக் கணக்கில் நான் விட்ட தப்பையெல்லாம் ஒருத்தர் திருத்திக் கொடுத்தார். இரண்டு வருஷப் பழக்கம். அங்கே பேர் தோசைமாஸ்டர். நிஜப் பேர் தெரியாது. ஊர் தெரியாது. ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. அந்தத் தளத்தில் மட்டும்தான் பேசுவோம்.

சின்னையா: இரண்டு வருஷமாகவா? ஒரு போன் நம்பர் வாங்கக்கூடாதா?

குமரன்: கேட்கக் கூச்சம்.

சின்னையா: எனக்கு மீன் போடுகிறவருக்கு ஒரு ராத்திரி மெசேஜ் போகவில்லை, ஆப் நின்றுபோச்சு. மோட்டாரை எடுத்துக்கொண்டு செந்தூலில் அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். கைலியோடு வந்து ஆர்டர் எழுதிக்கொண்டார். வீடு தெரிந்தால்தானே தட்டலாம்?

குமரன்: இந்த வேலை செய்கிறவர்கள் யாரையும் எனக்கு நேரில் தெரியாதே.

சின்னையா: தெரியாதா? இங்கே வா. அந்தச் சுவரோரம் ஒரு பெண் பார்த்தாயா? தே ஓ கோசோங். அவளும் உன்னைப் போல்தான், திரையைப் பார்த்து முணுமுணுப்பாள், திடீரென்று சிரிப்பாள். தூணுக்குப் பின்னால் சீனப் பையன், மிலோ ஐஸ், இரண்டு முட்டை ரொட்டி. அந்தப் பக்கம் சரவாக்கிலிருந்து வந்த தம்பி, கோப்பி ஓ. நாலு பேரும் ஒரு வருஷமாக நாலு மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறீர்கள். சாமியாடிகள் என்று முதலில் நினைத்தேன்.

குமரன்: அந்தப் பெண் தோசைமாஸ்டராக இருக்குமோ?

சின்னையா: வாய்ப்பே இல்லை. இதுவரைக்கும் ஒரு தோசை வாங்கினதில்லை. உங்களை ஒன்றாக உட்காரவைக்கலாம் என்றால் ஒருத்தரும் நகர மாட்டேன் என்கிறீர்கள்.

குமரன்: நகர முடியாது அண்ணே. பிளக் நாலு மூலையில்தானே இருக்கிறது!

(சின்னையா சுவர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு வருஷமாகக் கூச்சம் என்று அவர் நினைத்தது ஒயரிங்காரர் செய்த வேலை. உள்ளே போய், தீபாவளிக்கு விளக்குப் போட வாங்கிய நீள ஒயரைத் தூசி தட்டிக் கொண்டுவந்தார்.)

சின்னையா: நடுவில் வட்ட மேசை. ஒயரை இழுத்து நாலு ஓட்டை கொடுக்கிறேன். செவ்வாய்க்கிழமை, ஆறு மணிக்கு மேல்.

குமரன்: ராகு காலம் முடிந்த பிறகு. 1975 மார்ச்சில் இப்படித்தான் அண்ணே, கலிபோர்னியாவில் ஒரு வீட்டுக் கார் ஷெட்டில் கூடினார்கள். ஹோம்பிரூ கம்ப்யூட்டர் கிளப். அங்கே போய்வந்த ஸ்டீவ் வோஸ்னியாக்தான் ஆப்பிளின் முதல் கணினியைச் செய்தவர்.

சின்னையா: கார் ஷெட்டில் தே யார் போட்டார்கள்?

குமரன்: அது தெரியாது.

சின்னையா: அதைத்தான் எழுதி வைக்க மாட்டார்கள். என் கடையில் ஒரு தே வாங்கி மூன்று மணி நேரம் உட்காரக்கூடாது. ஆளுக்கு ஒரு ரொட்டியாவது சாப்பிட வேண்டும்.

(அடுத்த செவ்வாய். நானும் அதே நேரத்துக்குத்தான் போயிருந்தேன், தற்செயலாக என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்ட மேசையில் நாலு மடிக்கணினிகள். முதல் இருபது நிமிஷம் மூச்சு விடும் சத்தம்தான். அப்புறம் சமையலறையில் யாரோ தண்ணீர்க் கேத்தலைப் போட, மெயின் சுவிட்ச் கட்டை விழுந்து கடையே இருட்டாகி வைஃபையும் போனது. யார் சார்ஜரால் வந்த வினை என்று தொடங்கிய சண்டை, கரண்ட் வந்த பிறகும் ஓயவில்லை. குமரன் கல்லாவுக்கு எழுந்து வந்தார்.)

சின்னையா: என்ன சத்தம் அங்கே? அடிதடியா?

குமரன்: அந்தப் பெண் என் ஆப்பில் ஒரு தப்பைக் கண்டுபிடித்துவிட்டார். ஈப்போவுக்கும் கேஎல் நேரத்தையே காட்டியதாம். இதோ, எல்லாரும் அவரவர் வேலையை இந்தப் பென்டிரைவில் ஏற்றிவிட்டோம். வைஃபை இல்லாமலே கிட் இதற்குள் அனுப்பும், இதிலிருந்து இழுத்தும் கொள்ளும். உங்கள் கல்லாவில் இருக்கட்டும். வாராவாரம் வந்து எடுத்துக்கொள்கிறோம்.

சின்னையா: தோசைமாஸ்டர்?

குமரன்: ஆப் திறந்தால் முதலில் வருகிற பக்கத்தில் எழுதிவிட்டேன். செவ்வாய், ஆறு மணி, இந்தக் கடை என்று. அவர் அதைப் பார்த்துவிட்டு வந்தால் உண்டு. தோசை கேட்டு யாராவது வந்தால் எனக்கு ஒரு போன் போடுங்கள் அண்ணே.

சின்னையா: தோசைக் கடைக்குத் தோசை கேட்டு வருகிறவனை எல்லாம் உனக்குச் சொல்ல வேண்டுமா? சரி சரி, பார்க்கிறேன். (555 புத்தகத்தைத் திறந்து பென்சிலை நாக்கில் தொட்டு எழுதுகிறார்.) நாலு தே, ஆறு ரொட்டி, கட்டை விழுந்ததில் கெட்டுப்போன மாவு ஒன்று, பென்டிரைவ் காவல் வாரத்துக்கு ஐம்பது காசு. மொத்தமும் குமரன் பேரில்.

குமரன்: அண்ணே, காவலுக்கெல்லாம் காசா? அதை அழியுங்கள்.

சின்னையா: முடியாது தம்பி. உன் பின்னால் மூன்று பேரும் நின்று பார்த்துவிட்டார்கள்.