புயலுக்கு மெழுகுவத்தி வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

ஐப்பசி பிறந்ததும் எங்கள் பக்கத்துக் கடைகளில் மெழுகுவத்தியும் எமர்ஜென்சி லைட்டும் முன்வரிசைக்கு வந்துவிடும். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்று செய்தி வந்த அன்றைக்கே பால், பிரட், தீப்பெட்டி எல்லாம் காலி. வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் கஜா புயலைப் பார்த்த டெல்டாக்காரனாகச் சொல்கிறேன்: இருட்டு இரண்டாம் நாளே பழகிவிடும். ஆளைச் சாய்ப்பது தண்ணீர் இல்லாததுதான்.

2018 நவம்பர் 16 விடியற்காலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா கரையேறியது. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை என்று ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் போயின. டவுனுக்குச் சீக்கிரம் கரண்ட் வந்துவிட்டது, கிராமங்களுக்கு வாரக்கணக்கில் வரவில்லை. கம்பி மேலே தென்னை, ரோட்டுக்குக் குறுக்கே தென்னை, வயலில் லாரி இறங்க முடியாத சேறு. வெளி மாவட்டங்களிலிருந்தும் பக்கத்து மாநிலங்களிலிருந்தும் வந்த மின் ஊழியர்கள் கம்பத்தைத் தோளில் தூக்கிப்போய் நட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது.

அந்த நாட்களில் ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக வந்தார்கள். மணிக்கு இவ்வளவு என்று வாடகை. மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பிக்கொள்ளலாம். காசு இருந்த வீட்டில் தண்ணீர் இருந்தது. இல்லாதவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு அடிபம்பு தேடினார்கள். வீட்டுக்கு வீடு போர் போட்டு மோட்டார் இறக்கியபின் அடிபம்பை யார் சீண்டினார்கள்? பல தெருக்களில் கைப்பிடிகூட இல்லாமல் துருப்பிடித்து நின்றது.

“எங்க வீட்ல இன்வெர்ட்டர் இருக்கே” என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 150 ஏ.ஹெச். பேட்டரி ஒன்று, சாதாரண ஃபேன் இரண்டு, எல்இடி பல்பு மூன்று: ஏழெட்டு மணி நேரம் ஓடும், அதுவும் பேட்டரி புதிதாக இருந்தால். ஒருநாள் மின்வெட்டுக்கு அது போதும். பத்து நாளுக்கு மறுபடி சார்ஜ் ஏற்றக் கரண்டுக்கு எங்கே போவது? இதைவிட முக்கியம், வீட்டு இன்வெர்ட்டரில் 1 ஹெச்.பி. மோட்டாரை இழுக்கவே முடியாது. வெளிச்சத்துக்கு ஐம்பதாயிரம் வரை செலவழிக்கிறவர்கள், இன்னொரு 500 லிட்டர் தொட்டி வாங்கச் சொன்னால் மட்டும் யோசிக்கிறார்கள்.

கிராமத்து ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பது மத்திய அரசின் குழாய்க் குடிநீர்த் திட்டமான ஜல் ஜீவனின் அளவு. ஐந்து பேர் இருக்கிற வீட்டில் 1000 லிட்டர் தொட்டி நாலு நாள்கூட வராது. சிக்கனமாக இருந்தால் ஒரு வாரம் இழுக்கலாம். அதனால் எச்சரிக்கை வந்ததுமே தொட்டி, சம்ப், அண்டா, பக்கெட் எல்லாவற்றையும் நிரப்புங்கள். காற்று ஏறுவதற்கு முன்பே பாதுகாப்புக்காக லைனை நிறுத்திவிடுவார்கள், கடைசி நேரம் என்று ஒன்று கிடைக்காது. மொட்டைமாடியில் காலியாக நிற்கும் பிளாஸ்டிக் தொட்டி புயலில் பறந்துவிடும். நிரம்பிய 1000 லிட்டர் தொட்டியின் எடை ஒரு டன். குடிக்கிற தண்ணீரைத் தனியாக மூடி வையுங்கள். சம்ப்பில் வெள்ளம் புகுந்துவிட்டால் அந்தத் தண்ணீரைக் கழுவுகிற வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், குடிக்க வேண்டாம்.

வீட்டில் இன்சுலின் போடுகிறவர் இருந்தால், கரண்ட் இருக்கும்போதே மருத்துவரிடமோ மருந்துக்கடையிலோ கேட்டுவிடுங்கள். திறந்து பயன்பாட்டில் இருக்கிற பெரும்பாலான வகைகள் அதிக வெயில் படாமல் நாலு வாரம்வரை வெளியில் தாங்கும், திறக்காத இருப்புக்குத்தான் குளிர்ச்சி வேண்டும். மண்பானைத் தண்ணீருக்குள் நனையாதபடி டப்பாவில் போட்டு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஐஸ் கட்டி மேலே நேராக வைக்காதீர்கள், உறைந்தால் மருந்து வீண்.

கையில் ரொக்கம், வண்டியில் பெட்ரோல், கேஸ் சிலிண்டர் இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். டவரே சாய்ந்தபின் பவர் பேங்க் இருந்து என்ன பயன் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். பேட்டரி ரேடியோ ஒன்று பரணில் கிடந்தால் துடைத்து வையுங்கள்.

ஜெனரேட்டர் எடுக்கிறவர்களுக்கு மட்டும் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். மழை என்று அதை வராந்தாவுக்குள்ளோ கார் ஷெட்டுக்குள்ளோ ஓட்டாதீர்கள். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, வாசனையே தெரியாமல் தூக்கத்தில் ஆளை முடித்துவிடும். பிளக்கைச் சுவரில் சொருகி வீடு முழுக்கக் கரண்ட் விடுகிற கெட்டிக்காரத்தனமும் வேண்டாம். அது லைனில் திரும்ப ஏறும். கம்பத்து மேலே நிற்கிறவர் லைன் செத்திருக்கிறது என்று நம்பிக் கை வைப்பார். வீட்டை லைனிலிருந்து பிரித்து ஜெனரேட்டருக்கு மாற்றுகிற சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லையென்றால் மோட்டாரை மட்டும் நேராக ஜெனரேட்டரில் போடுங்கள். அறுந்து கிடக்கிற கம்பியைப் பார்த்தால் கிட்டே போகாமல் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987, சொல்லுங்கள்.

இவ்வளவும் சொந்தத் தொட்டி உள்ளவர்கள் கதை. ஊராட்சி மேல்நிலைத் தொட்டியை மட்டும் நம்பி இருக்கிற தெருவுக்கு? நவம்பர் 1 உள்ளாட்சி தினக் கிராமசபை சரியாகப் புயல் சீசனில்தான் வருகிறது. நம் ஊரில் வேலை செய்கிற அடிபம்பு எத்தனை, மேல்நிலைத் தொட்டி மோட்டாருக்கு ஜெனரேட்டர் உண்டா, இல்லையென்றால் எங்கிருந்து வரும், டீசல் யார் போடுவார்கள்? இந்தக் கேள்விகளைக் கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். நான் எங்கள் ஊரில் கேட்கப் போகிறேன். உங்கள் ஊரில் என்ன பதில் வந்தது என்று கீழே எழுதுங்கள்.