பாட்டுக்கு நடுவே ஒரு ‘டக்’

பிங்க் ஃபிளாய்ட் ராக் குழுவின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ ஆல்பம், 1973. முதல் பாட்டு ‘ஸ்பீக் டு மீ’ முடிவில் எழும் அலறல் அப்படியே அடுத்த பாட்டு ‘பிரீத்’துக்குள் போய் இறங்கணும். போனில் போட்டால் சரியாக அங்கேதான் ஒரு ‘டக்’! சுமார் 43 நிமிட ஆல்பம். சி-90 கேசட்டின் ஒரே பக்கத்தில் முழுசாக அடங்கும். அப்படிக் கேட்டு வளர்ந்த காதுக்கு இது கொடுமை.

எம்பி3 ஒலியை 1152 சாம்பிள் (ஒலியின் சின்னஞ்சிறு அளவீடு) கொண்ட ஃபிரேம்களாக, அதாவது துண்டுகளாக, வெட்டுகிறது. கடைசி ஃபிரேம் நிறையாவிட்டால் மௌனத்தைத் திணிக்கும். தொடக்கத்திலும் கொஞ்சம் சேரும். அந்த மௌனம்தான் ‘டக்’. எவ்வளவு கழிக்க வேண்டும் என்று லேம் என்கோடர் (எம்பி3 ஆக்கும் மென்பொருள்) கோப்பிலேயே எழுதி வைக்கிறது. அதைப் படிக்கக்கூட மெனக்கெடாத பிளேயர்கள் எத்தனை!

கிராஸ்ஃபேட் போட்டால் சரியாகும் என்கிறார்கள். ஆகாது. அது இரண்டு பாட்டையும் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, அந்த இணைப்பையே தின்றுவிடும். கிராஸ்ஃபேடைப் பூஜ்யத்தில் வையுங்கள், கேப்லெஸ்ஸை (இடைவெளியில்லாமல் ஓடவிடும் வசதி) ஆன் செய்யுங்கள், ஷஃபிளை அணையுங்கள். சிடி இருந்தால் ஃபிளாக்காக (ஒலி இழப்பில்லாத கோப்பு வகை) எடுங்கள். அதில் சாம்பிள் கூடாது, குறையாது. பிளேயர் அப்போதும் முரண்டு பிடித்தால், ஆல்பம் முழுவதையும் ஒரே கோப்பாக எடுத்து, கூடவே க்யூ ஷீட் (எந்தப் பாட்டு எங்கே தொடங்குகிறது என்ற குறிப்புக் கோப்பு) வைத்துக்கொள்ளுங்கள்.