பெட்டியில் 1000 என்று இருந்தால் வீட்டில் 1000 வராது

“1000 எம்பிபிஎஸ் பவர்லைன் அடாப்டரை எந்த பிளக்கில் மாட்டினாலும் மாடிக்கு முழு வேகம் வரும்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பவர்லைன் அடாப்டர் என்பது வீட்டு மின்வயர் வழியாகவே இன்டர்நெட்டைக் கொண்டுபோகும் ஜோடிக் கருவி: ஒன்று ரூட்டர் பக்கம், மற்றொன்று கணினி பக்கம். தயவுசெய்து இதை நம்பிப் பணம் போடாதீர்கள்.

அந்த 1000 என்பது இரு திசைக்கும் சேர்த்துக் கணக்கிட்ட உச்ச அளவு. வீட்டில் பெரும்பாலும் அதில் பாதிகூட வராது. 600 என்று விற்கும் பல மாடல்களில் ஈத்தர்நெட் போர்ட்டே (நெட் கேபிள் சொருகும் இடம்) 100 எம்பிபிஎஸ்தான்.

பெங்களூரில் அதைவிடப் பெரிய சிக்கல் வயரிங். இங்கே த்ரீ பேஸ் (மூன்று தனித்தனி மின்லைன்கள்) இணைப்புள்ள வீடுகள் நிறைய. கீழ்த்தளம் ஒரு பேஸிலும் மாடி வேறு பேஸிலும் இருந்தால் சிக்னல் மெலிந்துவிடும், சில வீடுகளில் இரண்டு அடாப்டரும் இணையவே இணையாது. ஒன்று இன்வெர்ட்டர் பாயிண்டிலும் மற்றொன்று நேரடி பெஸ்காம் (பெங்களூர் மின்வாரியம்) லைனிலும் இருந்தாலும் இதே பாடுதான். அதோடு கரண்ட் போனால் நேரடி லைனில் இருப்பது அணைந்துவிடும், ரூட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். ஸ்பைக் பஸ்டரில் மாட்டவே மாட்டாதீர்கள், அது சிக்னலையும் சேர்த்து வடிகட்டக்கூடும். நேராகச் சுவர் சாக்கெட்டில் மாட்டுங்கள்.

ஆன்லைன் கேமுக்கு வேகத்தைவிட, பிங் (சிக்னல் போய்த் திரும்ப ஆகும் நேரம்) ஏறி இறங்காமல் இருப்பதுதான் முக்கியம். மிக்ஸி ஓடும்போது கணினியிலிருந்து ரூட்டருக்கு பிங் அடித்துப் பாருங்கள், உண்மை தெரிந்துவிடும்.

சுவரைத் துளைக்க ஓனர் விடாத வாடகை வீட்டுக்கு பவர்லைன் நல்ல வழி, சரி. ஆனால் திருப்பி எடுத்துக்கொள்ளும் கடையில் வாங்குங்கள். ஜன்னல் ஓரமாக ஒரு கேட் 6 நெட்வொர்க் கேபிளை இழுக்க முடிந்தால் அதையே இழுங்கள்.