மிட்டல்ஷூலே என்றால் நம் ஊர் நடுநிலைப் பள்ளி இல்லை

ஜெர்மனிக்குக் குடும்பத்தோடு வந்திருக்கும் நம்மவர்களிடம் இதை அடிக்கடி சொல்ல வேண்டியிருக்கிறது, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். பிள்ளை தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறதா? அப்படியானால் பள்ளியிலிருந்து வரும் ஒரு தாளையும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பெர்லினையும் பிராண்டன்பர்க்கையும் விட்டால் மற்ற மாநிலங்களில் தொடக்கப் பள்ளி நான்கே வருடம்தான், அதற்கு அடுத்து எந்தப் பள்ளி என்பது பெரும்பாலும் பத்து வயதிலேயே முடிவாகிறது.

நான் இருக்கும் பவேரியாவில் ஜெர்மன், கணிதம், சுற்றுப்புறப் பாடம் மூன்றுக்கும் சராசரி பார்க்கிறார்கள். 1 தான் உயர்ந்த மதிப்பெண், 6 கடைசி. 2.33க்குள் இருந்தால் பல்கலைக்கழகப் படிப்புக்குத் தயார்செய்யும் கிம்னாசியம், 2.66க்குள் நடுப்படியான ரியால்ஷூலே, அதைத் தாண்டினால் மிட்டல்ஷூலே. எனக்குத் தெரிந்த ஒரு அக்காவிடம் ஆசிரியர் உங்கள் மகளுக்கு மிட்டல்ஷூலேதான் என்று சொன்னபோது அவர் சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். நடுநிலைப் பள்ளிதானே, எல்லாப் பிள்ளைகளும் அங்கேதானே போகும் என்று நினைத்திருக்கிறார். முன்பு ஹௌப்ட்ஷூலே, அதாவது முதன்மைப் பள்ளி, என்று பெயர் வைத்திருந்தார்கள், இப்போது நடுப் பள்ளி என்கிறார்கள், ஆனால் மூன்று படிகளில் அதுதான் கீழ்ப்படி. ஹோக்ஷூலே என்பதும் அப்படித்தான், கேட்டால் ஹைஸ்கூல் மாதிரி இருக்கும், உண்மையில் அது பட்டப்படிப்புக்கான இடம்.

பக்கத்து நாட்டுச் சொந்தக்காரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றாலும் முடியாது. பிரான்சில் கொலேஜ் என்றால் 11 முதல் 15 வயதுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி. கிம்னாசியம் என்ற சொல்லைத் தந்த கிரேக்கத்திலேயே இன்று அது 12 வயதில் எல்லாப் பிள்ளைகளும் சேரும் சாதாரணப் பள்ளி. சுவீடனில் அதே பெயர் 16 வயதுக்கு மேல், தொழிற்படிப்பும் அதற்குள்ளேயே. போலந்தில் 1999இல் அந்தப் பெயரில் ஒரு பள்ளி நிலையைக் கொண்டுவந்து, 2017இல் கலைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

பத்து வயதில் பிரிப்பதே தப்பு என்பதுதான் என் கருத்து. வீட்டில் ஜெர்மன் பேசி வளர்ந்த பிள்ளைக்கும் இரண்டு வருடம் முன்பு வந்து இறங்கிய பிள்ளைக்கும் ஒரே அளவுகோலை வைத்தால், அளக்கப்படுவது பாதிக்குப் பாதி பெற்றோரின் மொழிதான். 2006இல் இங்கே வந்து பார்த்த ஐநா கல்வி உரிமை அறிக்கையாளர் வெர்னோர் முனோஸ் இந்தச் சீக்கிரப் பிரிவினையைக் கடுமையாக விமர்சித்தார். பின்லாந்து 1970களிலேயே ஒன்பது வருடம் எல்லாரும் ஒன்றாகப் படிக்கும் பள்ளிக்கு மாறிவிட்டது. இங்கே மட்டும் ஏன் இவ்வளவு பிடிவாதம்?

சட்டம் மாறும்வரை இருப்பதைப் பயன்படுத்துங்கள். ஜெர்மன் தாய்மொழியாக இல்லாமல், முதல் வகுப்புக்குப் பிறகு வந்து சேர்ந்த பிள்ளைகளுக்குப் பவேரியாவில் சராசரி 3.33 வரைகூட கிம்னாசியத்திலோ ரியால்ஷூலேயிலோ இடம் தர வழி இருக்கிறது, காரணம் மொழிக்குறைதான், அது சரியாகிவிடும் என்று பள்ளி எழுதித் தர வேண்டும். மிட்டல்ஷூலேயிலேயே பத்தாம் வகுப்பு முடித்து, அப்புறம் ஃபாக்ஓபர்ஷூலே, அதாவது தொழில் சார்ந்த மேல்நிலைப் பள்ளி, வழியாக ஹோக்ஷூலேக்குப் போகவும் முடியும். இதையெல்லாம் நீங்கள்தான் கேட்க வேண்டும். மொழி வராவிட்டால் தெரிந்தவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஜனவரியில் ஒரு மதிப்பெண் தாள் வரும், அப்போதே ஆசிரியரைப் பாருங்கள். மே தொடக்கத்தில் வருவது முடிவான சான்றிதழ்.