பெயர் எழுதுகிறவர்கள்

மேலூர்ப் பக்கத்தில் ஒரு குன்று இருக்கிறது. பெயரைச் சொல்லப்போவதில்லை, சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அதன் அடிவாரத்தில் பத்து பைக்குகள் நிற்கும். இரண்டு வாரங்களுக்கு முன் நண்பர் ஒருவருடன் அதன்மேல் ஏறினேன். பாதி உயரத்தில் பாறை குடைபோல் முன்னுக்கு வளைந்து நிற்க, அதன் அடியில் வழவழப்பாகச் செதுக்கிய கற்படுக்கைகள் வரிசையாக இருக்கின்றன. தலைமாட்டில் மட்டும் கல்லைச் சற்றே உயர்த்தித் தலையணைபோல் விட்டிருக்கிறார்கள். மழைநீர் உள்ளே வழியாமல் இருக்கப் பாறையின் நெற்றியில் காடி வெட்டி, அதற்குக் கீழே தமிழி எழுத்தில் ஒரே ஒரு வரியைப் பொறித்திருக்கிறார்கள். ஈராயிரம் ஆண்டு வயதுடைய அந்த வரியின் நடுவில் ஒருவன் நீல எனாமல் பெயிண்டில் தன் பெயரையும், ஒரு பெண்ணின் பெயருடைய முதலெழுத்தையும், இரண்டுக்கும் இடையில் ஓர் இதயத்தையும் வரைந்திருந்தான். பெயிண்ட் வழிந்து காய்ந்த கோடு படுக்கைவரை இறங்கியிருந்தது.

பெயிண்டைப் பற்றிப் புலம்புவதற்காக இதை எழுதவில்லை. அங்கே உட்கார்ந்திருந்த மூன்று பையன்களில் ஒருவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்லூரி மாணவன்போல் இருந்தான்; கையில் நல்ல போன் இருந்தது. செருப்பைக் கழற்றிப் பாறைக்கு வெளியே ஒழுங்காக வைத்திருந்தான். அதைப் பார்த்ததும் எனக்கு மனம் இளகிவிட்டது. "இது என்ன இடம்னு தெரியுமா தம்பி?" என்று கேட்டேன். "பஞ்சபாண்டவர் படுக்கைண்ணே" என்றான். பாண்டவர் இல்லை, சமணத் துறவிகள் மழைக்காலத்தில் தங்குவதற்காக ஊர்க்காரர்கள் வெட்டிக் கொடுத்தது, மேலே இருப்பது நம் தமிழின் மிகப் பழைய எழுத்து என்று உற்சாகமாக விளக்கினேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப நம்ம சாமி கெடையாதுல்லண்ணே?" என்றான். ஒரு வகையில் அப்படித்தான் என்றேன். அவன் எழுந்து வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பி வந்து அதே படுக்கையில் உட்கார்ந்தான்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அறியாமைதான் எல்லா அழிவுக்கும் காரணம், சொல்லிக் கொடுத்தால் திருந்திவிடுவார்கள் என்று முப்பது ஆண்டுகளாக நம்பி வந்தவன் நான். அந்தப் பையன் என் கண்ணெதிரே தெரிந்துகொண்டான். தெரிந்துகொண்டதன் பயன், அதுவரை அந்தக் கல்லுக்கு இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போயிற்று. நான் வாயை மூடிக்கொண்டு இறங்கியிருந்தால் செருப்பாவது வெளியில் கிடந்திருக்கும்.

மதுரையைச் சுற்றியுள்ள மலைகளை அறியாமை எப்படிக் காத்தது என்பதையும் சொல்ல வேண்டும். கீழக்குயில்குடிச் சமணர் மலையில் செட்டிப்புடவு என்று ஓர் இடம் உண்டு. அங்கே பாறையில் அமர்ந்திருக்கும் மகாவீரரின் நீண்ட காதுகளைப் பார்த்த ஊரார் அவரை யாரோ ஒரு செட்டியார் என்று எண்ணியதால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். அதே மலையின் பேச்சிப்பள்ளத்தில் சமண ஞானிகளான தீர்த்தங்கரர்கள் வரிசையாக நிற்க, காலடியில் பழந்தமிழ் எழுத்தான வட்டெழுத்து ஓடுகிறது. அச்சணந்தி என்னும் துறவியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி என்று ஒன்றின்கீழ் எழுதியிருக்கிறது. துறவு பூண்டு போய்விட்ட மகனின் பெயரைச் சொல்லித் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் அந்தத் தாயை நினைத்தபடி அங்கே வெகுநேரம் நின்றிருக்கிறேன். ஆடு மேய்த்தவர்களுக்கு வட்டெழுத்தும் தெரியாது, அச்சணந்தியும் தெரியாது. இது யாரோ பெரியவர்கள் விட்டுப்போனது, கைவைக்கக் கூடாது என்பது மட்டும் தெரியும். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் அது போதுமானதாக இருந்தது. எல்லாரும் அப்படி இருந்தார்கள் என்று சொல்ல வரவில்லை. கல் உடைத்தவர்களும் உண்டு. ஆனாலும் தெரியாதவனிடம் ஒரு தயக்கம் இருந்தது. இன்றைக்கு இருப்பது தெரியாமை அல்ல. சட்டைப்பையில் போனை வைத்துக்கொண்டு, இரண்டு நிமிடத்தில் தெரிந்துகொள்ளக்கூடிய ஒன்றை, "நம்முடையதா, இல்லையா" என்ற ஒரே கேள்வியோடு தள்ளிவிடும் மனம் இது. 'இது என்ன' என்று கேட்கும் முன்பே 'இது யாருடையது' என்று கேட்டு முடித்துவிடுகிறது.

என் குடும்ப வாட்ஸாப் குழுவில் இதே குன்றின் படங்களைப் போட்டபோது, நான் மதிக்கும் ஒரு மாமா, ஓய்வுபெற்ற ஆசிரியர், "இவர்களைத்தானே சம்பந்தர் விரட்டினார், இதையெல்லாம் ஏன் தோண்டுகிறாய்" என்று எழுதினார். எண்ணாயிரம் சமணர்கள் கழுவேறிய கதையை, அது நடந்ததா இல்லையா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கும்போது, அவர் நடந்ததாகவும் நல்லதாகவும் ஒரே மூச்சில் ஏற்றுக்கொள்கிறார். மதுரைக்காரர்களாகிய எங்களுக்கு இந்தப் பகை மலையளவிலேயே கண்முன் நிற்கிறது. ஆனைமலை, நாகமலை, பசுமலை ஆகிய மூன்றும் மதுரையை அழிக்கச் சமணர்கள் வேள்வி செய்து ஏவிய யானை, பாம்பு, பசு என்று திருவிளையாடற் புராணம் சொல்கிறது. தென்பரங்குன்றத்து உமையாண்டார் கோயில் முதலில் சமணக் குடைவரையாக இருந்து 13ஆம் நூற்றாண்டில் சிவன் கோயிலாயிற்று. அங்குள்ள அர்த்தநாரீசுவரருக்குப் பின்னால் தீர்த்தங்கரருக்கு உரிய அசோக மரத்தின் கிளைகள் இன்னும் தெரிகின்றன. முருகன் குடைவரையும், சமணர் படுக்கையும், உச்சியில் தர்காவும் உள்ள அதே திருப்பரங்குன்றத்தின் பெயரை இப்போது தொலைக்காட்சியில் கேட்டாலே வயிற்றைக் கலக்குகிறது. அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. பழைய காலத்துச் சகிப்பின்மையை மறைக்க வேண்டும் என்பது என் கருத்தும் இல்லை. ஆனால் அந்தக் காலத்தவர் எதிராளியின் நூலைப் படித்து, அவனுடைய வாதத்தைத் தெரிந்துகொண்டு சண்டை போட்டார்கள். மாமாவுக்குச் சமண நூல் ஒன்றின் பெயரும் வேண்டாம். முப்பத்தைந்து ஆண்டுகள் அவர் வகுப்பில் நடத்திய நன்னூலை எழுதிய பவணந்தி முனிவர் சமணர் என்று நான் சொன்னபோது, கும்பிடும் கைகளின் படம் ஒன்றைப் போட்டுவிட்டுப் பேச்சை முடித்துக்கொண்டார்.

உ.வே.சாமிநாதையரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. திருவாவடுதுறை ஆதீனச் சூழலில் வளர்ந்த சைவர் அவர். 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார், "சீவகசிந்தாமணி படித்ததுண்டா" என்று கேட்டபோது, இல்லை என்று சொல்ல நேர்ந்ததை அவர் அவமானமாகக் கொண்டாரே தவிர, அது வேற்றுச் சமயத்தாருடைய நூல்தானே என்று தட்டிக்கழிக்கவில்லை. அந்த ஊர்ச் சமணர்களிடமே போய் உட்கார்ந்து, அவர்களுடைய கொள்கையை அவர்கள் வாயாலேயே கேட்டுக் கற்று, 1887இல் அதைப் பதிப்பித்தார். அவர்களைப் போன்ற தமிழ்ச் சமணர்கள் இன்றும் விழுப்புரம், திருவண்ணாமலை, காஞ்சிபுரம் பக்கங்களில் நயினார் என்ற பட்டத்தோடு, தமிழையே வீட்டுமொழியாகக் கொண்டு வாழ்கிறார்கள். மேல்சித்தாமூரில் அவர்களுடைய மடம் இருக்கிறது. 'சமணர் என்றால் சேட்டுகள்தானே' என்று என்னிடம் கேட்டவர்களில் முதுகலைப் பட்டதாரிகளும் உண்டு.

பிறருடையதை மட்டும்தான் அழிக்கிறோமா என்றால், அதுவும் இல்லை. தஞ்சைப் பக்கத்தில் என் அம்மாவின் ஊரில் ஒரு சிறிய சிவன் கோயில் இருக்கிறது. அதன் அடித்தளமான அதிட்டானத்தைச் சுற்றிச் சோழர் காலக் கல்வெட்டு உண்டு. கல்லூரி நாட்களில் ஒரு கல்வெட்டாய்வாளருடன் போய் அதை மைப்படி எடுத்தேன். கல்லைக் கழுவி, ஈரத் தாளை ஒட்டி, தூரிகையால் எழுத்தின் பள்ளங்களுக்குள் தாள் இறங்கும்வரை தட்டி, மைப்பந்தால் ஒற்றினால், ஆயிரம் ஆண்டுப் பழைய எழுத்து கறுப்பின் நடுவே வெள்ளையாக எழும்பும். அணையாமல் எரியும் ஒரு நுந்தாவிளக்குக்காக ஒருத்தி கொடுத்த சாவா மூவாப் பேராடு தொண்ணூற்றாறு. ஆட்டை மேய்ப்பவன் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடானதும் செத்ததும் போகக் குட்டிகளால் மந்தை தொண்ணூற்றாறாகவே நிற்கும் என்பதால் அந்த ஆட்டுக்குச் சாவும் இல்லை, மூப்பும் இல்லை. சந்திரனும் சூரியனும் உள்ளவரைக்கும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அங்கே கும்பாபிஷேகம் நடந்தது. கம்ப்ரசர் வைத்து மணலைப் பீய்ச்சிக் கல்லை 'வெள்ளையாக்கினார்கள்'. கோயில்களில் அந்த முறை கூடாது என்று தடை உண்டு. தடையைத் தெரிந்தவர்கள்தாம் இரவில் செய்தார்கள். அரைக்கால் அங்குலம்கூட ஆழமில்லாத எழுத்தின் விளிம்பை அந்த மணல் அரைத்துவிடும். அதற்குப் பிறகு கல்லில் மிஞ்சுவது அம்மைத் தழும்பு. அது போதாதென்று கருவறையைச் சுற்றி இடுப்பளவு உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டினார்கள். நான் போய் முறையிட்டபோது, "சாமிக்குச் செய்றதுல குறை சொல்லாதீங்க மாப்ளே, வாசப்பக்கம் உபயதாரர் கல்லுல உங்க பேரையும் போட்டுருக்கோம்ல" என்றார் கோயில் திருப்பணிக் குழுவில் இருந்த பெரியவர். உண்மைதான். பளபளப்பான கறுப்புக் கிரானைட்டில், பொன்னிற எழுத்தில், நாற்பத்திரண்டாவது பெயராக என் பெயர் இருக்கிறது. ஐயாயிரம் ரூபாய் கொடுத்திருந்தேன். அந்தப் பணத்தில் எத்தனை சதுர அடி டைல்ஸ் வாங்கினார்கள் என்ற கணக்கு என்னிடம் இல்லை.

இதே சோழ நாட்டில் திருமழபாடியில் முதலாம் இராசராசன் பழைய விமானத்தைப் பிரித்துக் கட்டச் சொன்னபோது, அதிலிருந்த கல்வெட்டுகளையெல்லாம் முதலில் புத்தகத்தில் படியெடுத்து வைத்தார்கள்; கட்டி முடித்து, இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில் அவற்றைப் புதுச் சுவரில் மறுபடி வெட்டினார்கள். நான் இதைச் சொன்னபோது திருப்பணிக் குழுவில் ஒருவர், "ராஜராஜன் நம்ம ஆளுதானே" என்று தன் சாதியின் பெயரைச் சொன்னார். பேச்சு அந்தத் திசையில் போய்விட்டது.

1981இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தவர்களை நாம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. எரித்தவர்களுக்கு அந்த ஏறத்தாழ 97,000 நூல்கள் தமிழர்களுக்கு என்னவென்று தெரிந்திருந்தது. தெரிந்துதான் தீ வைத்தார்கள். ஆண்டுதோறும் அதற்காகப் பதிவு எழுதுகிறவர்களில் நானும் ஒருவன். நம் ஊர்க் கோயில் சுவரில் மணலைப் பீய்ச்சியவன்மேல் யாருக்கும் பகை இல்லை, அவனுக்கும் யார்மேலும் பகை இல்லை. மாலை ஆறு மணிக்குக் கூலி வாங்கிக்கொண்டு, பிரசாதமும் வாங்கிக்கொண்டு போனான். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாததுதான் இதில் என்னை அதிகம் சோர்வடையச் செய்கிறது.

மேலூர்ச் சாலையில் போகிறவர்கள் கத்தியால் கேக்கை வெட்டியதுபோல் பாதியாக நிற்கும் குன்றுகளைப் பார்த்திருப்பார்கள். கிரானைட்டுக்காகக் குன்றுகளை வெட்டிய கதை எல்லாருக்கும் தெரியும் என்பதால் அதை விட்டுவிடுகிறேன். ஒன்றை மட்டும் சொல்லாமல் போனால் அது நன்றியில்லாத்தனம். மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டி 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இரண்டே ஆண்டில் அதையும் உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். மேலூர் வட்டாரத்து விவசாயிகள் வீதிக்கு வந்து மதுரைவரை நடந்தார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தாயிற்று. வயலும் ஊருணியும் தங்களுடையவை என்பதால்தான் போராடினார்கள் என்று ஒரு நண்பர் சொன்னார். இருக்கட்டும். நடந்து போன கூட்டத்தில் ஒரு பாட்டி மலையைக் காட்டி, அங்கே கல்லில் எழுத்து இருக்குதுய்யா என்று சொல்வதை நான் காதால் கேட்டேன். அவருக்குப் படிக்கத் தெரியாது.

அழகர்மலையில் கிடாரிப்பட்டிக் குகையில் கற்படுக்கை கொடுத்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன. உப்பு வணிகன், பாணித வணிகன், கொழு வணிகன், அறுவை வணிகன், பொற்கொல்லன். பாணிதம் என்றால் வெல்லப்பாகு, கொழு என்றால் ஏர்க்கொழு, அறுவை என்றால் துணி. கடைத்தெருவில் உட்கார்ந்து வியாபாரம் செய்த சாதாரண ஆட்கள், யாரோ ஒரு துறவி படுத்துக்கொள்ளக் கல்லை வெட்டிக் கொடுத்துவிட்டு, தொழிலையும் பெயரையும் மட்டும் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்கள் எல்லாரும் சமணர்களாக இருந்தார்களா என்பதை அந்த எழுத்து சொல்லவில்லை.

போன வாரம் அம்மாவின் ஊருக்குப் போயிருந்தேன். கோயிலின் வடபுறத்தில், அபிஷேக நீர் வெளியேறும் கோமுகியின் ஓரமாக, ஈரத்தால் ஒரு டைல்ஸ் பெயர்ந்து விழுந்திருந்தது. அந்த இடைவெளியில் மணல் படாத ஒரு சாண் கல். டார்ச் அடித்துப் பார்த்தேன். 'பேராடு' என்பதில் 'ராடு' மட்டும் இருந்தது. குருக்கள் வந்து, "மேஸ்திரிகிட்ட சொல்லியிருக்கு சார், திங்கட்கிழமை பூசிடுவாங்க" என்றார்.