துக்க வீட்டுக்கு விலக்கு உண்டு, களைத்த வீட்டுக்கு?

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் ஒரு சாவு விழுந்துவிட்டால் அந்த வருடம் அந்த வீட்டுக்குப் பண்டிகை கிடையாது. இந்து வீடுகளில் தீபாவளியும் பொங்கலும் இல்லை. எங்களைப் போன்ற சபைக்காரர் வீடுகளில் கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் கட்டுவதில்லை, பலகாரத்துக்கு எண்ணெய்ச் சட்டி ஏற்றுவதில்லை. சொந்தக்காரர்கள் ஒரு டப்பாவில் அச்சுமுறுக்கும் முந்திரிக்கொத்தும் கொண்டுவந்து வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார்கள். "ஏன் ஒரு மாதிரி இருக்கிய?" என்று யாரும் கேட்பதில்லை.

இதைப் பழைய சம்பிரதாயம் என்று ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இது நம் பெரியவர்கள் யோசித்துச் செய்த காரியமாகத்தான் படுகிறது. என் குறையெல்லாம், அந்த விலக்கு சாவு விழுந்த வீட்டுக்கு மட்டும், அதுவும் ஒரே ஒரு வருடத்துக்கு மட்டும் என்று வைத்துவிட்டார்களே என்பதுதான்.

என் மாமனார் தவறிய வருடம் அத்தையை யாரும் எதற்கும் வற்புறுத்தவில்லை. கோயிலுக்கு வந்தால் வரட்டும், வராவிட்டால் வீட்டில் இருக்கட்டும் என்று விட்டார்கள். மறு வருடம் டிசம்பர் பிறந்ததும் அதே சனம் வந்து, "வருசம் திரும்பிட்டுல்லா, இனி பண்டிகைய நல்லா கொண்டாடணும்" என்று புதுச்சேலையை எடுத்துக் கையில் கொடுத்தது. அத்தை வாங்கிக்கொண்டார். கட்டவும் செய்தார். மத்தியானம் எல்லோரும் சாப்பிட்ட பிறகு மாமா சாய்ந்திருக்கும் ஈஸிசேரைத் துடைத்துக்கொண்டே இருந்தார், துடைக்க அதில் ஒன்றுமே இல்லாதபோதும். முந்தின வருடம் அழுதிருந்தால் நான்கு பேர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். இந்த வருடம் அழுதால், "பண்டிகையும் அதுவுமா கண்ணுல தண்ணி விடலாமா" என்பார்கள். காலண்டர் கிழிக்கிற வேகத்துக்குத் துக்கம் கிழியுமா?

சரி, அது பெரிய துக்கம். நான் சொல்ல வந்தது சின்ன விஷயம். சாவும் இல்லை, நோயும் இல்லை, சண்டையும் இல்லை. ஆனாலும் இந்த மாதத்தில் சந்தோஷமும் சலிப்பும் ஒன்றாக ஏறி உட்கார்ந்துகொள்கிற மனம் ஒன்று இருக்கிறதே, அதற்கு நம்மிடம் எந்த ஏற்பாடும் இல்லை.

என் மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். கொழுந்தனார் குடும்பம் சென்னையில். முன்பெல்லாம் ரயிலுக்கு 120 நாளைக்கு முன்னால் முன்பதிவு செய்யலாம். 2024 நவம்பரிலிருந்து அதை 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். அதனால் டிசம்பர் கடைசிக்கான டிக்கெட்டுக்கு அக்டோபர் கடைசியில் காலை எட்டு மணிக்குக் குடும்பமே போனைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறது. நெல்லை எக்ஸ்பிரஸில் இடம் கிடைத்துவிட்டால் ஏதோ பரீட்சையில் தேறியது மாதிரி குடும்பக் குரூப்பில் கொண்டாட்டம். வந்தே பாரத் வந்த பிறகு கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் அதன் டிக்கெட் விலைக்கு நான்கு பேர் வரவேண்டும் என்றால் கொழுந்தனார் யோசிக்கத்தான் செய்கிறார்.

டிக்கெட் உறுதியான நாளிலிருந்தே எனக்கு இரண்டும் ஆரம்பித்துவிடும். பிள்ளை வருகிறான் என்கிற சந்தோஷம், பொய்யில்லை. கூடவே மெத்தை எத்தனை, போர்வை எத்தனை, மாவு எவ்வளவு அரைக்க வேண்டும் என்கிற கணக்கு. நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். அரையாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை விட்டார்கள் என்றால் பிள்ளைகளுக்குத்தான் அது விடுமுறை. விடைத்தாள் கட்டுகள் என்னோடு வீட்டுக்கு வந்துவிடும். பகலில் எண்ணெய்ச் சட்டி, ராத்திரி சிவப்புப் பேனா. விடைத்தாளில் எண்ணெய்க்கறை பட்டு, "டீச்சர் வீட்டுல முறுக்கு போல" என்று ஒரு பயல் கண்டுபிடித்த கதையும் உண்டு.

அச்சுமுறுக்கு சுட்டவர்களுக்குத் தெரியும், அது நின்று செய்கிற வேலை. அச்சு எண்ணெயிலேயே கிடந்து நன்றாகச் சூடாக வேண்டும். மாவில் முக்கால்வாசிதான் முக்க வேண்டும். முழுக்க முங்கிவிட்டால் மாவு மேலே மூடிக்கொண்டு கழன்று வராது. முதல் சில முறுக்கு எப்போதும் ஒட்டிக்கொண்டு அடம்பிடிக்கும். முந்திரிக்கொத்துக்குச் சிறுபயறை வறுத்துத் திரித்து, பாகு காய்ச்சி, சூடு ஆறுவதற்குள் உருண்டை பிடித்தாக வேண்டும். கை பொத்துப்போகும். இதற்கு மேல் மழை. திருநெல்வேலிச் சீமைக்கு வருடத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் பெய்வதுதான், அதில் குறை சொல்லக்கூடாது. ஆனால் வீடு நிறைய ஆள், ஈரத்துணி காயாமல் ஒவ்வொரு கதவிலும் நாற்காலியிலும் தொங்கும்போது, அந்த வாடையில் நின்றுகொண்டு "மகிழ்ச்சி, மகிழ்ச்சி" என்று பாட வரவில்லை.

விடியற்காலை ஆராதனைக்குப் போய்ப் பாருங்கள். பாளையங்கோட்டை ஊசிக்கோபுரத் தேவாலயத்தை மிஷனரி ரேனியஸ் கட்டியது 1826-இல். இத்தனை காலமும் அந்த இருட்டு ஆராதனைக்கு வந்த பெண்களில் எத்தனை பேர் தூங்கிவிட்டு வந்திருப்பார்கள் என்று நான் யோசிப்பதுண்டு. பிரசங்கம் நடக்கும்போது பெண்கள் பக்கம் தலைகள் ஆடும். பக்தியில் ஆடுகிறது என்று பிரசங்கம் செய்கிற போதகர் ஐயர் நினைத்துக்கொள்ளட்டும்.

இது கிறிஸ்தவ வீட்டுக் கதை மட்டும் என்று நினைக்காதீர்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்கு மார்கழி என்றால் விடியுமுன் வாசல் தெளித்துக் கோலம், சாணி உருண்டையில் பூசணிப்பூ, அப்புறம் கோயில், அப்புறம் பேரப்பிள்ளைகள் லீவுக்கு வந்து இறங்குவார்கள். நெல்லையப்பர் கோயில் தாமிர சபையில் திருவாதிரைக்குக் கூட்டம் நெரியும். அக்கா போய்விட்டு வந்து களி கிண்டுவாள். எங்கள் தட்டில் முறுக்கு போகும், அதே தட்டில் களி திரும்பி வரும். வெறுந்தட்டைத் திருப்பித் தருகிற பழக்கம் எங்கள் தெருவில் இல்லை. ஒருநாள் மதில் பக்கம் நின்று, "ஒங்களுக்கு எப்பம் லீவுக்கா?" என்று விளையாட்டாகக் கேட்டேன். "தை பொறந்து எல்லாரும் வண்டி ஏறட்டும், அன்னைக்குத்தான் எனக்கு லீவு" என்றாள். பொங்கலுக்கும் ஆள் வருமே என்று நான் சொல்லவில்லை.

இப்போது சொல்லப்போவதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். 2023 டிசம்பர் 17, மார்கழி ஒன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. விடாமல் பெய்தது. மறுநாள் காலைக்குள் காயல்பட்டினத்தில் மட்டும் 95 செ.மீ. பதிவானது. தாமிரபரணி பெருகி ஜங்ஷன் பேருந்து நிலையம், வண்ணார்பேட்டை, சிந்துபூந்துறை எல்லாம் தண்ணீர். ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பேரோடு நின்றுவிட்டதை நாடே பார்த்தது. ஏரல் பக்கம் இருந்த என் நாத்தனார் வீட்டில் தண்ணீர் ஜன்னல் வரை ஏறியது. பாதை திறந்ததும் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள், உடுத்திய துணியோடு.

அடுத்த வாரம் கிறிஸ்துமஸ். எங்கள் தெருவுக்குக் கேரல் ரவுண்ட்ஸ் வரவில்லை. பலகாரம் யாரும் கேட்கவில்லை. மத்தியானத்துக்குக் கறி எடுக்காமல், இருந்த காய்களையும் முருங்கைக்கீரையையும் பருப்பையும் போட்டு ஒரு பெரிய கூட்டாஞ்சோறு ஆக்கினோம். நாத்தனார் தேங்காய் துருவினாள், அவள் வீட்டுக்காரர் கீரை உருவினார், என் மகன் பாத்திரம் கழுவினான். சிரிக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லாததால், சாப்பிடும்போது எதற்கோ எல்லோரும் சிரித்தோம். நாத்தனார் தன் கல்யாணப் பட்டு சேறோடு போனதைச் சொல்லும்போதே அழுகையும் சிரிப்புமாக வந்தது அவளுக்கு. அத்தனை பேர் வாழ்க்கையைப் புரட்டிப்போட்ட வெள்ளம் அது. அதை நல்லது என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் என் நினைவில் பாரமில்லாத கிறிஸ்துமஸ் எது என்று கேட்டால் அந்த வருடத்தைத்தான் சொல்வேன். அதற்கு ஒரு வெள்ளம் வரவேண்டியிருந்தது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

வருகிறவர்கள் மட்டும் சுகமாக இருக்கிறார்கள் என்றும் சொல்லமாட்டேன். மகன் வந்து இறங்கிய மறுநாளே லேப்டாப்பைத் திறந்துவிடுகிறான். பாக்கி நேரத்தில் தூங்குகிறான். எழுந்து வெளியே வந்தால் யாராவது ஒரு சித்தப்பா, "ஏல, கல்யாணச் சாப்பாடு எப்பம் போடுத?" என்று பிடித்துக்கொள்கிறார். போன வருடம் அவன் என்னிடம், "எம்மா, ஊருக்கு வரணும்னுதான் இருக்கு, வந்தா எப்பம் கெளம்பலாம்னு இருக்கு" என்றான். எனக்குச் சுருக்கென்றது. அப்புறம் யோசித்தால், நானும் அவன் வரும்வரை நாளை எண்ணிவிட்டு, வந்த பிறகு வேறு மாதிரி எண்ணுகிறவள்தானே. அவன் வண்டி ஏறின ராத்திரி வீடு வெறிச்சென்று இருக்கும், அதே ராத்திரி நான் கால் நீட்டிப் படுப்பேன். இரண்டும் ஒரே ராத்திரிதான்.

ஆனால் ஸ்டேட்டஸில் போடுகிற படத்தில் இந்த இரண்டில் ஒன்றுதான் வருகிறது. ஒரே நிற உடையில் குடும்பம், பின்னால் ஸ்டார், கீழே 'ஆசீர்வதிக்கப்பட்ட குடும்பம்' என்று ஒரு வரி. அந்தப் படத்துக்குப் பின்னால் யார் யாரிடம் சிடுசிடுத்தார்கள் என்று நமக்குத் தெரியும்தானே? படம் போட வேண்டாம் என்று சொல்லவில்லை. "எனக்கு இன்னைக்கு முடியல" என்று ஒருத்தி சொன்னால், "பண்டிகையும் அதுவுமா" என்று ஆரம்பிக்காமல் ஒரு பாய் விரித்துக் கொடுங்கள் என்கிறேன்.

அதனால் இந்த வருடம் குரூப்பில் எழுதிப் போட்டுவிட்டேன். முந்திரிக்கொத்து நாசரேத் பக்கத்தில் ஆர்டருக்குச் செய்துகொடுக்கும் பெண்களிடம் சொல்லியாகிவிட்டது. வருகிறவர்கள் அவரவர் போர்வையைக் கொண்டுவர வேண்டும், துணியை அவரவர் துவைக்க வேண்டும். பகலில் வாசல் கதவைச் சாத்திவிட்டு இரண்டு மணி நேரம் யாரும் யாரையும் கூப்பிடக்கூடாது. அல்வாவுக்கு இருட்டுக்கடை வரிசையில் கொழுந்தனார் நிற்பார். அச்சுமுறுக்கு மட்டும் வீட்டில்தான், மகன் சுடுவான். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவேன்.

மகன் சரி என்றுவிட்டான், யூடியூபில் பார்த்துக்கொள்வானாம். அத்தைக்குத்தான் சம்மதமில்லை. "ஆம்பளப் பயல எண்ணெய்ச் சட்டி முன்னால நிறுத்துதியே, நாளைக்கு இவனுக்கு எவ பொண்ணு குடுப்பா?" என்கிறார். சுடத் தெரிந்தவனுக்குத்தான் இனி கொடுப்பார்கள் அத்தை என்று சொல்லியிருக்கிறேன். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.