ஜாக் ரஸ்ஸலின் தாயகம்: ஒரு திருத்தம்

ஜாக் ரஸ்ஸல் டெரியர் ஆஸ்திரேலியாவில் தோன்றிய நாயினம் என்று மன்னார்குடி நண்பர் ஒருவர் எழுதியிருப்பதைப் பலரும் பகிர்ந்து வருகிறார்கள். அன்புகூர்ந்து திருத்திக்கொள்ள வேண்டுகிறேன். அதன் தாயகம் இங்கிலாந்து. பின்னாளில் டெவன் பகுதியில் பாதிரியாராக இருந்த ஜான் ரஸ்ஸல், மாணவராக இருந்தபோதே 1819-இல் ‘டிரம்ப்’ என்ற பெட்டை நாயை வாங்கி, வளைக்குள் பதுங்கும் நரியை வெளியே விரட்டும் டெரியர்களை அதன் வழியில் உருவாக்கினார். ஆஸ்திரேலியாவில் நடந்தது, அவற்றில் குட்டையான வகையைப் பிற்காலத்தில் சீராக்கி வளர்த்த பணி. அதுவும் மதிக்கத்தக்க பணிதான்.

எஃப்.சி.ஐ. எனப்படும் பன்னாட்டு நாயினக் கூட்டமைப்பின் இணையதளத்தில் 345-ஆம் எண் கொண்ட தரவரையறையைத் திறந்து பார்த்தால், தோன்றிய நாடு இங்கிலாந்து என்றும் மேம்படுத்திய நாடு ஆஸ்திரேலியா என்றும் தனித்தனியே குறித்திருப்பதை எவரும் காணலாம். முன்னங்காலுக்குப் பின்னே மார்பை இரு கைகளால் வளைத்துப் பிடிக்க முடிய வேண்டும், சுற்றளவு ஏறத்தாழ 40 முதல் 43 செ.மீ. இருக்க வேண்டும் என்றும் அதிலேயே உள்ளது. நரி வளைக்குள் நுழைவதற்கென்றே அமைந்த உடல் அது. டெல்டாவில் இதை வளர்ப்பவர்கள், வயல் வரப்பில் எலி வளையைக் கண்டால் அது மண்ணைப் பறிக்கத் தொடங்குவதைக் கெட்ட பழக்கமென்று கண்டிக்க வேண்டாம். அந்த வேட்டைப் பரம்பரை தந்த குணம் அது.